நுரை எடுத்த கைகள்: ஒரு சிறிய கடலின் வரலாறு

சற்று நீண்ட பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

டெல்லியில் நான் வாடகைக்கு இருக்கும் அறையில் 60 லிட்டர் கடல் இருக்கிறது. வடிகட்டிய நீரில் கடலுப்புக் கலவையைக் கரைத்து நானே உண்டாக்கிய கடல். அதில் இரண்டு கோமாளி மீன்களும் ஓர் இறாலும் சில நத்தைகளும் வாழ்கின்றன. உண்மையான கடல் இங்கிருந்து 800 கிலோமீட்டருக்கும் அப்பால், குஜராத் கரையில் இருக்கிறது. தொட்டியின் பின்புறத்தில் குழல் வடிவிலான ஒரு கருவி இரவும் பகலும் நுரைத்துக்கொண்டே இருக்கும். அதன் தலையில் ஒரு கிண்ணம். மூன்று நாளுக்கு ஒருமுறை அந்தக் கிண்ணத்தைக் கழற்றிக் கழுவுகிறேன். அதில் சேர்வது பால் கலக்காத தேநீரின் நிறத்தில், மீன்சந்தையின் மாலை நேர நாற்றத்தோடு இருக்கும்.

வீட்டு உரிமையாளரான மூதாட்டி ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு, "இந்தப் பொறி என்ன செய்கிறது மகளே?" என்று இந்தியில் கேட்டார். அழுக்கை எடுக்கிறது என்றேன். அவர் தொட்டியைக் குனிந்து பார்த்தார். "தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாகத்தானே இருக்கிறது? எந்த அழுக்கை?"

அந்தக் கேள்விக்கு அன்று நான் சொன்ன விடை எனக்கே நிறைவாக இல்லை. தெளிந்த நீருக்குள் கண்ணுக்குத் தெரியாத அழுக்கு இருக்கிறது என்பதையும், அதைக் காற்றுக் குமிழியால் வெளியே எடுக்கலாம் என்பதையும் மனிதர்கள் கண்டறிய ஏறத்தாழ நூறாண்டுகள் ஆயின. அந்த நூறாண்டுக் கதையில் எனக்குப் பிடித்த இருவர் ஆய்வகங்களில் வேலை செய்தவர்கள் அல்லர். ஒருவர் வீட்டுப் பணிப்பெண்; அவருடைய பெயர் வரலாற்றில் இல்லை. மற்றவர் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண். அவருடைய பெயர் இருக்கிறது.

*

முதலில் சொல்லிலிருந்து தொடங்குகிறேன்; என் படிப்பு அப்படிப்பட்டது.

'அக்வாரியம்' என்ற இலத்தீன் சொல்லுக்குப் பழைய பொருள் கால்நடைகள் நீர் அருந்தும் இடம். அதை மீன்தொட்டியின் பெயராக நிலைநிறுத்தியவர் ஃபிலிப் ஹென்றி காஸ் என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர். கண்ணாடித் தொட்டியில் கடலுயிர்களை வளர்ப்பதைப் பற்றி 1854இல் அவர் எழுதிய நூலின் தலைப்பே 'தி அக்வாரியம்'தான். அதற்கு முன்பு 'விவேரியம்', 'அக்வா விவேரியம்' என்ற பெயர்கள் புழக்கத்தில் இருந்தன. உயிர் வாழும் இடம் என்பது விவேரியத்தின் பொருள். எளிதாகச் சொல்லக்கூடிய, எளிதாக நினைவில் நிற்கக்கூடிய பெயரே வேண்டும் என்று காஸ் 'அக்வாரியம்' என்பதைத் தேர்ந்தார். பெயரில் நீர் நின்றது, உயிர் விழுந்துவிட்டது. நீரைப் பார்த்துக்கொண்டால் உயிர் தன்னைப் பார்த்துக்கொள்ளும் என்று இன்றும் தொட்டி வைப்பவர்கள் சொல்வதுண்டு. அந்த வகையில் பெயர் பொருத்தமானதே.

ஆனால் காஸுக்கு முன்பே கடலை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் பெண்கள். 1830களில் சிசிலித் தீவின் மெசினாவில் ழான் வில்ப்ரோ பவர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி, ஆர்கோநாட் என்னும் ஓடுடைய எண்காலியை ஆராய்வதற்காகத் தொட்டிகள் அமைத்தார். அவருக்குக் கடல் வாசலிலேயே இருந்தது. ஆனா தைன் என்பவருக்கு அந்த வசதி இல்லை. அவருடைய கணவர் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் உயர்பதவியில் இருந்த மதகுரு. 1846இல் ஆனா தைன் டார்க்கி கடற்கரையில் பவள உயிரிகள் சிலவற்றைக் கண்டார். அவற்றை லண்டனுக்குக் கொண்டுபோக விரும்பினார். வழியில் உருண்டுவிடாமல் இருக்க ஊசி நூலால் அவற்றைக் கடற்பஞ்சோடு சேர்த்துத் தைத்துக் கண்ணாடிச் சாடியில் வைத்தார்.

லண்டன் போய்ச் சேர்ந்ததும் சிக்கல் தொடங்கியது. கடல்நீர் குறைவாகவே இருந்தது. இருந்த நீரும் நாளடைவில் கெட்டுப்போகும். அவர் கண்ட வழி எளிமையானது: திறந்த சன்னலருகே நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றி ஊற்றி ஆற்றுவது. நாம் தேநீர் ஆற்றுகிறோமே, அதுபோலத்தான். ஒவ்வொரு நாளும் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் இந்த வேலை நடந்தது. ஊற்றியவர் அவர் வீட்டுப் பணிப்பெண். பின்னர் 1847இல் கடற்பாசிகளையும் சேர்த்து வளர்த்தார் தைன். பவள உயிரிகள் லண்டன் நகரின் நடுவே ஆண்டுக்கணக்கில் உயிர் வாழ்ந்தன, குஞ்சும் பொரித்தன.

1859இல் தைனின் குறிப்புகள் அறிவியல் இதழ் ஒன்றில் வெளியாயின. பணிப்பெண்ணின் உழைப்பு அதில் பதிவாகியிருக்கிறது, பெயர் பதிவாகவில்லை. காற்றையும் கடல்நீரையும் கலந்து உயிர் காத்த முதல் கருவி அந்த இரண்டு கைகள்தாம் என்று நான் நினைக்கிறேன்.

*

அடுத்த பத்தாண்டுகளில் கடல்தொட்டி இங்கிலாந்தில் ஒரு மோகமாக மாறியது. 1845இல் கண்ணாடி மீதான வரி நீக்கப்பட்டதால் கண்ணாடி மலிந்தது. இரயில் பாதைகள் கடற்கரையை அருகே கொண்டுவந்தன. 1853இல் லண்டன் விலங்கியல் பூங்காவில் பொதுமக்களுக்கான மீன் இல்லம் திறக்கப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் காலத்துக்கு மிகவும் பிடித்த ஒரு கருத்து கைவசம் இருந்தது. 1850இல் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர், தங்கமீன், நீர்த்தாவரம், நத்தை மூன்றையும் ஒரே பாத்திரத்தில் வைத்து, செடி விடும் உயிர்வளியை மீன் கொள்ள, மீனின் கழிவைச் செடி கொள்ள, அழுகும் இலையை நத்தை தின்ன, நீரை மாற்றாமலேயே அது நிலைத்திருப்பதை எழுதிக் காட்டினார். 'சமநிலைத் தொட்டி' என்ற கனவு பிறந்தது. சரியான அளவில் எல்லாவற்றையும் சேர்த்துவிட்டால் போதும், இயற்கை தன் கணக்கைத் தானே தீர்த்துக்கொள்ளும் என்பது அதன் சாரம்.

நன்னீரில் ஓரளவு பலித்த இந்தக் கனவு கடல்நீரில் பெரும்பாலும் பலிக்கவில்லை. 1868இல் ஜே. ஜி. உட் என்ற மதகுரு அந்த மோகத்தைத் திரும்பிப் பார்த்து, பத்தில் ஒன்பது தொட்டிகள் கைவிடப்பட்டுவிட்டன என்று எழுதினார். கைவிடப்பட்டவற்றின் கணக்கு அத்தோடு முடியவில்லை. காஸின் மகன் எட்மண்ட் காஸ் 1907இல் வெளியிட்ட தன்வரலாற்றில், தம் தந்தையின் நூல்களைப் படித்துவிட்டுக் கூட்டம் கூட்டமாக வந்தவர்களால் இங்கிலாந்துக் கடற்கரையின் பாறைக்குளங்கள் சூறையாடப்பட்டதைத் துயரத்தோடு பதிவு செய்கிறார். அழகைக் காட்டிக்கொடுத்தவரே அதன் அழிவுக்கும் வழிகாட்டினார் என்ற குற்ற உணர்வு அந்தப் பக்கங்களில் இருக்கிறது. தொட்டி வைத்திருக்கும் எவரும் அந்தப் பக்கங்களை எளிதில் கடந்துவிட முடியாது.

கடல்நீரில் சமநிலை ஏன் பிடிபடவில்லை? மீன் தின்னும் உணவு, அதன் கழிவு, பாசிகள் கசியவிடும் கோழை, இறந்த உயிரிகள் எல்லாம் நீரில் கரைகின்றன. பெருங்கடலில் இவை பரந்து கரைந்து மறைந்துபோகும். அலை அடிக்கும் கரையில் நுரையாகி ஒதுங்கும். தொட்டியில் போக்கிடம் கிடையாது. கழிவு அழுகும்போது நீரிலிருக்கும் உயிர்வளி தீர்கிறது; அம்மோனியா பிறக்கிறது. தொட்டி சிறியதாகச் சிறியதாக இந்தச் சரிவின் வேகமும் கூடும்.

இதற்கு 19ஆம் நூற்றாண்டு கண்ட தீர்வு, தொட்டியைப் பெரிதாக்குவது. வில்லியம் ஆல்ஃபோர்ட் லாய்டு என்பவர் 1871இல் லண்டனை ஒட்டிய கிரிஸ்டல் பேலஸில் அமைத்த காட்சியகத்தில், பார்வையாளர் காணும் தொட்டிகளைவிடப் பன்மடங்கு பெரிய இருண்ட நீர்த்தேக்கம் ஒன்று தரைக்கடியில் இருந்தது. எந்திரங்கள் இரவும் பகலும் நீரைச் சுழற்றின. கண்ணுக்குத் தெரிந்த சிறு கடலைக் காப்பாற்றக் கண்ணுக்குத் தெரியாத பெருங்கடல் ஒன்று தேவைப்பட்டது.

கடலோர ஊர்களுக்கு இந்தத் தொல்லையும் இல்லை. 1909இல் சென்னை மெரினாவில் திறக்கப்பட்ட மீன் காட்சியகத்தை நினைத்துப் பாருங்கள். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் உருவானது அது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மூடப்பட்டது. வங்கக்கடலே வாசலில் கிடக்கும்போது பழைய நீரைக் கொட்டிவிட்டுப் புதிய நீரை எடுத்துக்கொள்ளலாம். கடலை விட்டு விலகி வாழ்பவர்களுக்குத்தான் அதே நீரைத் தூய்மையாக்கித் திரும்பப் பயன்படுத்தும் கட்டாயம். எனவே ஸ்கிம்மரின் கதை கடற்கரையிலிருந்து விலகி, செருமனியின் உள்நாட்டு நகரம் ஒன்றின் சமையலறைக்குப் போகிறது.

*

ஆக்னஸ் போக்கெல்ஸ் 1862இல் பிறந்தவர். பிரவுன்ஷ்வைக் நகரில் வாழ்ந்தவர். இயற்பியல் படிக்க விரும்பினார். பெண்களுக்கு அன்று அங்கே பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. நோயுற்ற பெற்றோரைப் பேணும் பொறுப்பும் அவர் மேல் விழுந்தது. அவருடைய தம்பி ஃபிரிட்ஸ் இயற்பியல் படித்துப் பேராசிரியரானார். தம்பியின் நூல்களை அக்காள் வீட்டிலிருந்தே வாசித்தார்.

பாத்திரம் கழுவும் நீரின் மேற்பரப்பு, எண்ணெயும் சோப்பும் சேரச் சேர எப்படி மாறுகிறது என்பதை அவர் உற்றுக் கவனித்தார். தகரத்தால் நீளமான ஒரு தட்டு செய்தார். நீரின் மேற்பரப்பை ஒரு தகடால் தள்ளி, அதில் படர்ந்திருக்கும் மாசுப்படலத்தை நெருக்கவும் விரிக்கவும் முடிந்தது. நீர்ப்பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் சிறு வட்டு ஒன்றைத் தராசால் தூக்கி, அதற்கு எவ்வளவு விசை வேண்டும் என்பதிலிருந்து பரப்பு இழுவிசையை அளந்தார். 1891 சனவரியில் இந்த முடிவுகளை ஆங்கில இயற்பியலாளர் ரேலி பிரபுவுக்குக் கடிதமாக எழுதினார். ரேலி அதைத் தம் பரிந்துரையோடு 'நேச்சர்' இதழுக்கு அனுப்பினார். அதே ஆண்டு மார்ச்சில் அது வெளியானது. பின்னாளில் இர்விங் லாங்மியூர் இதே வகைத் தட்டைச் செம்மைப்படுத்திப் பரப்பு வேதியியலில் ஆய்வு செய்து 1932இல் நோபல் பரிசு பெற்றார். அதே 1932இல் போக்கெல்ஸுக்குப் பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பக் கல்லூரி மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. அப்போது அவருக்கு 70 வயது.

போக்கெல்ஸ் அளந்த மாசுப்படலமே என் தொட்டியின் கதை. புரதம், கொழுப்பு போன்ற பொருட்களின் மூலக்கூறுகள் பலவற்றுக்கு இரண்டு முகங்கள்: ஒன்று நீரை விரும்பும், மற்றொன்று நீரை வெறுக்கும். நீருக்குள் மூழ்கியும் இருக்க மாட்டாமல், விட்டு விலகவும் மாட்டாமல், இவை நீரும் காற்றும் சந்திக்கும் எல்லையில் போய் ஒட்டிக்கொள்கின்றன. அந்த எல்லையை எவ்வளவு பெரிதாக்குகிறோமோ அவ்வளவு அழுக்கு ஒட்டும். எல்லையைப் பெரிதாக்கும் மலிவான வழி குமிழி. ஒரு கைப்பிடி அளவுக் காற்றை ஒரே குமிழியாக விட்டால் அதன் பரப்பு சிறியது. மில்லிமீட்டருக்கும் குறைவான இலட்சக்கணக்கான குமிழிகளாக உடைத்துவிட்டால் பரப்பு பல மடங்காகும். அழுக்கைச் சுமந்த குமிழிகள் மேலேறி, நுரையாகத் திரண்டு, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கிண்ணத்துக்குள் வழியும். நல்ல நீர் கீழே வடிந்துவிடும். ஸ்கிம்மரின் இயக்கம் இவ்வளவுதான்.

இதில் உப்புக்கும் பங்கு உண்டு. நன்னீரில் சிறு குமிழிகள் மோதியவுடன் இணைந்து பெருங்குமிழியாகிவிடும். கடல்நீரிலுள்ள உப்பு அந்த இணைப்பைத் தடுக்கிறது. குமிழிகள் சிறியனவாகவே நீடிக்கின்றன. அதனால்தான் இதே கருவியை வீட்டு நன்னீர்த் தொட்டியில் வைத்தால் பெருங்குமிழிகள் கொப்பளிக்குமே தவிர நுரை திரளாது.

பள்ளியில் வேதியியல் படித்தவர்களுக்கு 'நுரை மிதப்பு முறை' நினைவிருக்கும். சல்ஃபைடு தாதுவைப் பொடித்து, நீரும் பைன் எண்ணெயும் சேர்த்துக் காற்றை ஊதினால், தாது நுரையோடு மேலே வரும். மண் கீழே தங்கும். ஸ்கிம்மருக்கு அது ஒன்றுவிட்ட உடன்பிறப்பு. அதன் தொடக்ககாலக் காப்புரிமைகளுள் ஒன்று, 1886இல் அமெரிக்காவில் கேரி எவர்சன் என்ற பெண் பெற்றது. அவர் ஒரு பள்ளி ஆசிரியை என்றும், தாதுப் பைகளைத் துவைக்கும்போது தற்செயலாக இதைக் கண்டார் என்றும் பின்னர் ஒரு கதை பரவியது. அக்கதை உண்மையல்ல, அவர் முறையாகச் சோதனை செய்து கண்டறிந்தவர். பெண் ஒன்றைக் கண்டுபிடித்தால் அது துவைக்கும் கல்லருகே நிகழ்ந்ததாகத்தான் இருக்கவேண்டும் என்று உலகம் நினைத்துக்கொண்டது. போக்கெல்ஸோ பாத்திரம் கழுவுமிடத்திலேயே இருந்தும் தற்செயலாக எதையும் கண்டவர் அல்லர். ஆண்டுக்கணக்கில் அளந்து கண்டவர்.

*

1960களில் செருமனியில் எர்வின் சாண்டர் என்பவர் இந்த இயற்பியலைக் கடல்தொட்டிக்குப் பொருத்தினார். குழலின் மேலிருந்து நீர் கீழே இறங்கும். கீழிருந்து குமிழிகள் எதிர்த்து ஏறும். எதிரெதிரே செல்வதால் இரண்டும் நெடுநேரம் உரசிக்கொள்கின்றன. நுண்ணிய குமிழிக்காக லிண்டன் மரத்துண்டின் வழியே காற்று செலுத்தப்பட்டது. அவர் பெயரிலான நிறுவனம் இருக்கும் ஊட்ஸே, பிரவுன்ஷ்வைக்கிலிருந்து 40 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. இது தற்செயல்தான், ஆனாலும் நிலப்படத்தில் அவ்விரண்டு புள்ளிகளையும் பார்த்தபோது மனம் சற்று நின்றது.

செருமன் மொழியில் இக்கருவியின் பெயர் 'ஐவைஸ் அப்ஷாய்மர்'. 'ஐவைஸ்' என்றால் முட்டையின் வெண்கரு. அன்றாடப் பேச்சில் புரதத்துக்கும் அதுவே பெயர். 'அப்ஷாய்மன்' என்பது சமையலறை வினைச்சொல்: சாறு கொதிக்கும்போது மேலே திரளும் நுரையைக் கரண்டியால் வழித்தெடுப்பது. 'புரோட்டீன் ஸ்கிம்மர்' என்ற ஆங்கிலப் பெயரும் இதே பொருளையே தருகிறது. 'ஸ்கிம்' என்ற ஆங்கில வினையும், அழுக்கு நுரையைக் குறிக்கும் 'ஸ்கம்' என்ற பெயரும், நுரையைக் குறிக்கும் 'ஷாவ்ம்' என்ற செருமன் சொல்லும் ஒரே வேரில் கிளைத்தவை. ஆக, ஆய்வகப் பெயர் போல ஒலிக்கும் இச்சொற்றொடருக்குள் ஒரு கரண்டியும் ஓர் அடுப்பும் இருக்கின்றன.

இதை அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, "இதுக்குப் போயி செருமனி வரைக்கும் போகணுமா கண்ணு? உங்க தாத்தன் ஆலையில பாத்ததில்லையா?" என்றார். ஈரோட்டுப் பக்கம் கரும்பாலை வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. கொப்பரையில் கருப்பஞ்சாறு காயும்போது சிறிது சுண்ணாம்பு சேர்ப்பார்கள். அழுக்கெல்லாம் கரும்பச்சை நுரையாகத் திரண்டு மேலே வரும். நீண்ட காம்புள்ள வலைக்கரண்டியால் அதை வழித்து எடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். கொதி தாண்டிவிட்டால் அழுக்கு பாகிலேயே கலந்துவிடும், சர்க்கரை கறுத்துப்போகும். அந்தக் கரண்டி பிடித்தவரின் கண் கொப்பரையை விட்டு விலகாது. சாற்றில் கரைந்திருந்த புரதமும் பிசினும்தாம் அந்த நுரை. பத்து வயதிலேயே நான் ஸ்கிம்மரைப் பார்த்திருக்கிறேன். பெயர் தெரியாமல் போயிற்று.

*

ஸ்கிம்மர் வந்ததும் சமநிலைக் கனவு செத்துவிடவில்லை. 1961இல் இந்தோனேசியாவின் லீ சின் எங் ஓர் அமெரிக்க இதழில் தம் 'இயற்கை முறை'யை எழுதினார். பவளத்திட்டிலிருந்து எடுத்த, நுண்ணுயிர் நிறைந்த பாறைகளும் மெல்லிய காற்றோட்டமும் போதும், வடிகட்டி வேண்டியதில்லை என்றார். அவர் தொட்டி செழித்தது உண்மை. அவருக்குக் கடல் எட்டும் தொலைவில் இருந்ததும் உண்மை. பனியில் உறையும் ஐரோப்பிய நகரங்களில் அதே முறையைக் கடைப்பிடித்தவர்களால் அந்தச் செழிப்பை எளிதில் எட்ட முடியவில்லை.

இரண்டையும் இணைத்தவர்கள் பெர்லின் நகரத்து ஆர்வலர்கள். டீட்ரிச் ஷ்ட்யூபர் என்பவரும், 1973இல் முதுகெலும்பற்ற கடலுயிர்களை வளர்ப்பது குறித்து நூல் எழுதிய பீட்டர் வில்கென்ஸும் இவ்வழியில் முன்னின்றவர்கள். உயிர்ப்பாறையையும் வலுவான ஸ்கிம்மரையும் சேர்த்து, அழுக்கு அழுகுவதற்கு முன்பே வெளியே எடுத்துவிடுவது 'பெர்லின் முறை' எனப் பெயர் பெற்றது. கல்பவளங்கள் வீட்டுத் தொட்டியில் வளர்ந்து கிளைத்தன. கிளைகளை ஒடித்து ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொண்டார்கள். 1990களில் இம்முறை அமெரிக்காவிலும் பரவியது.

அதன் பிறகு கருவி சுருங்கிக்கொண்டே வந்தது. ஆள் உயரக் குழல்கள் போய், முட்சக்கரம் பொருத்திய பம்புகள் காற்றை நறுக்கித் தூளாக்கின. இன்று உள்ளங்கை அகல ஸ்கிம்மர்கள் கிடைக்கின்றன.

என் முதல் தொட்டியில் ஸ்கிம்மர் இல்லை. 30 லிட்டர் தொட்டி அது. சமநிலையைப் பற்றி நிறையப் படித்திருந்தேன், நம்பியும் இருந்தேன். ஒரு குளிர்காலத்தில் கள ஆய்வுக்காக ஐந்து நாள் வெளியூர் சென்றேன். மீனுக்கு உணவிடும்படி தோழியிடம் சொல்லிச் சென்றவள், எவ்வளவு இடவேண்டும் என்று அளந்து கொடுக்கவில்லை. அவள் அன்போடு அள்ளியிட்டாள். குளிருக்காகச் சன்னல்கள் அடைத்துக் கிடந்தன. திரும்பி வந்தபோது நீர் தெளிவாகத்தான் இருந்தது. மேற்பரப்பில் மட்டும் வானவில் மின்னும் மெல்லிய படலம். மீன்கள் நீர்மட்டத்தில் வாய் திறந்து மூச்சுக்குத் தவித்தன. இரண்டில் ஒன்று அன்றிரவே போய்விட்டது. குற்றம் என்னுடையது, தோழி இன்றுவரை தன்னுடையது என்று நினைக்கிறாள். அந்தப் படலத்தைப் போக்கெல்ஸ் பார்த்திருந்தால் ஒரே நொடியில் புரிந்துகொண்டிருப்பார்.

அடுத்த தொட்டியில் ஸ்கிம்மர் வைத்தேன். புதிய கருவியை வைத்தவுடன் நுரை வந்துவிடாது. புதுப் பிளாஸ்டிக்கின் பிசுபிசுப்பு நீங்கப் பல நாட்கள் ஆகும். அது தெரியாமல் நீர்மட்டத்தை ஏற்றிவிட்டேன். இரவில் கிண்ணம் வழிந்து தரையெல்லாம் உப்புநீர். நாட்போக்கில் கற்றவை: நுரை கிண்ணத்தின் கழுத்தில் மெல்ல ஏறவேண்டும், ஈரமாக விரைந்து ஏறினால் நல்ல நீரும் போகும், மிக உலர்ந்து ஏறினால் அழுக்கு கழுத்திலேயே படியும். கழுத்தின் உட்புறத்தில் கொழுப்புப் படிந்தால் நுரை ஏறாது, துடைக்கவேண்டும். தொட்டிக்குள் கைவிட்டாலோ உணவிட்டாலோ நுரை சற்று நேரம் அடங்கிவிடும், பதற வேண்டியதில்லை. வாரம் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றும் வழக்கத்தை ஸ்கிம்மர் வந்தபிறகும் நான் விடவில்லை.

விடாததற்குக் காரணம் உண்டு. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேதியியலாளர் கென் ஃபெல்ட்மன் 2009இல் ஸ்கிம்மர்களை அளந்து பார்த்தார். நீரில் கரைந்திருக்கும் கரிமப் பொருளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மட்டுமே அவற்றால் எடுக்க முடிந்தது. மறு ஆண்டில் கிண்ணத்தில் சேர்வதைப் பகுத்துப் பார்த்தபோது, திடப்பொருளில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட், சிலிக்கா போன்ற கனிமங்கள் என்று தெரிந்தது. புரதத்தின் பெயரைச் சுமந்த கருவியின் கிண்ணத்தில் புரதத்தின் பங்கு சிறியதே. தமிழில் இதற்கு நேர்மாறான ஒரு பெயர் உண்டு. சித்த மருத்துவத்தில் 'கடல் நுரை' எனப்படுவது நுரையே அல்ல, கணவாயின் உள்ளோடு. அதுவும் கால்சியம் கார்பனேட்தான்.

அப்படியானால் ஸ்கிம்மரால் பயன் என்ன? அழுகுவதற்கு முன் ஒரு பங்கையாவது வெளியே எடுக்கிறது என்பது ஒன்று. நீரோடு காற்றை இடைவிடாமல் கலக்கிறது என்பது மற்றொன்று. என் முதல் மீன் இறந்தது உயிர்வளிக் குறைவால். இரண்டாவது பயன்தான் அதைக் காப்பாற்றியிருக்கும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. காஸின் வாசகர்கள் பாறைக்குளங்களுக்குச் செய்ததை இந்தியாவில் யாரும் செய்துவிடக் கூடாது என்பதற்குச் சட்டம் இருக்கிறது. 2001 முதல் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. நம் கடலிலிருந்து பவளத்தைப் பெயர்த்தெடுத்துத் தொட்டி வைப்பது குற்றம். எனவே பெர்லின் முறையின் ஒரு பாதி நமக்கு இல்லை. உலர்ந்த கற்களில் நுண்ணுயிர் குடியேறும்வரை காத்திருக்கவேண்டும். மறுபக்கம், மண்டபத்திலுள்ள மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி மையத்தினர் கோமாளி மீன்களைப் பண்ணையில் இனப்பெருக்கம் செய்யும் நுட்பத்தை உருவாக்கியிருக்கிறார்கள். என் தொட்டியில் இருப்பவை பண்ணையில் பிறந்தவை. கடலிலிருந்து எடுக்காமல் கடலை வைத்திருக்க வேண்டுமானால், தொட்டியிலிருந்து அழுக்கை எடுக்கும் வேலையை நாமேதான் செய்யவேண்டும்.

*

சென்ற குளிர்காலத்தில் ஒரு சிறு மாற்றம் செய்தேன். மூடிய அறையில் நம் மூச்சுக்காற்று தேங்குவதால், அந்தக் காற்றையே ஸ்கிம்மர் இழுத்தால் தொட்டி நீரின் அமிலத்தன்மை கூடும். ஆகவே காற்றுக்குழாயை நீட்டிச் சன்னலுக்கு வெளியே விடும் வழக்கம் தொட்டி வைப்பவர்களிடையே உண்டு. நானும் நீட்டினேன். நவம்பர் மாதத்து டெல்லிப் புகைமூட்டத்தில் அதை உள்ளே இழுத்துக்கொள்வேன். வானம் வெளுத்ததும் மீண்டும் வெளியே விடுவேன்.

முதல் நாள் குழாயைச் சன்னல் கம்பியில் கட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பணிப்பெண் நினைவுக்கு வந்தார். திறந்த சன்னல், கையில் பாத்திரம், நாள்தோறும் முக்கால் மணி நேரம். அவர் செய்ததைத்தான் இன்று ஒரு சிறு மோட்டார் செய்கிறது. வீட்டு உரிமையாளர் அம்மையார் மறுமுறை வந்தால் அழுக்குக் கிண்ணத்தையே எடுத்துக் காட்டலாம் என்றிருக்கிறேன். தெளிந்த நீருக்குள் இவ்வளவு இருந்தது என்று சொல்ல அதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

முடிக்குமுன் ஒரு வேண்டுகோள். கருப்பஞ்சாறோ பதநீரோ பருப்போ கொதிக்கும்போது மேலே திரளும் அழுக்கு நுரைக்கும், அதை எடுக்கும் கரண்டிக்கும் உங்கள் ஊரில் தனிப்பெயர் உண்டா? எங்கள் ஆலையில் நுரையை வெறுமனே 'அழுக்கு' என்றே சொன்னார்கள். வேறு சொற்கள் நிச்சயம் இருக்கும். தெரிந்தவர்கள் ஊர்ப் பெயரோடு எழுதுங்கள். உங்கள் பாட்டியிடமோ ஆலைக்காரரிடமோ கேட்டும் எழுதுங்கள். புரதம் அதிகமில்லாத புரோட்டீன் ஸ்கிம்மருக்கு அவற்றுள் ஒன்று பொருந்திவிடக்கூடும்.